வெளிநாட்டுக் கடலில் ஈட்டி மீன்பிடிப்பு: குளுவாங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், காஹாங் பக்கத்துத் தோட்டங்களுக்கு மெர்சிங் கடல் அதிகத் தொலைவில் இல்லை. செம்பனைத் தோட்டத்துக் குட்டைகளில் தூண்டில் போட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது மூச்சடக்கி முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, ஈட்டித் துப்பாக்கியுடன் பாலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகத் திட்டமிடுகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகளும் தடைகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், இங்குள்ள எண்களை ஒரு நாட்டின் விதி எத்தன்மையது என்பதற்கான எடுத்துக்காட்டாகக் கொண்டு, புறப்படும் வாரத்தில் அந்நாட்டு மீன்வளத் துறையின் இணையத்தளத்தில் மறுபடியும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈட்டி மீன்பிடிப்பு என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்? துப்பாக்கி இல்லாமல் வெறும் கையீட்டி வைத்திருந்தாலும் விதி பொருந்துமா?

பொருந்தும். நீருக்குள் மூழ்கி, கூர்முனை கொண்ட கம்பியை எய்தோ குத்தியோ மீன் பிடிக்கும் எல்லா முறைகளும் இதில் அடங்கும். கருவிகள் பொதுவாக மூன்று வகைப்படும்: ரப்பர் பட்டையாலோ அழுத்தக் காற்றாலோ இயங்கி, விசையை அழுத்தியதும் அம்பை எய்யும் ஈட்டித் துப்பாக்கி, பின்முனையில் ரப்பர் வளையம் கட்டிய கையீட்டி, சிறு குழல் வழியாக அம்பை இழுத்துவிடும் ஹவாய்க் கவண்.

கருவியில் விசை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சில நாடுகள் சட்டம் இயற்றியிருக்கின்றன. பஹாமாஸில் கையீட்டியும் ஹவாய்க் கவணும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. விசையுள்ள துப்பாக்கி அங்கே சட்டவிரோதம். ஆகவே முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் விதியைப் படியுங்கள். துப்பாக்கி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

வெளிநாடு போகும் முன் மெர்சிங் தீவுகளில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாமா?

முக்குளிப்புப் பழகலாம், ஈட்டியோடு வேண்டாம். ராவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், அவோர் ஆகிய தீவுகளைச் சூழ்ந்த கடலும், அதற்கு வடக்கே பகாங்கின் தியோமான் தீவைச் சூழ்ந்த கடலும் கடல் பூங்காக்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் பிறப்பிக்கப்பட்ட ஆணைப்படி, பெரும்பாலான தீவுகளில் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை பூங்கா எல்லை நீள்கிறது. அதற்குள் மீன் பிடிப்பதே குற்றம்; அது தூண்டிலா ஈட்டியா என்ற வேறுபாடு எழுவதில்லை. பூங்காவுக்கு வெளியே எங்கே, எப்படி என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துப்பாக்கியைப் படகில் ஏற்றுங்கள்.

ஆயுதம் இல்லாமல் மூச்சடக்கும் பயிற்சியையும், காது அழுத்தத்தைச் சமன்செய்வதையும், துணையைக் காப்பாற்றும் முறையையும் முறையான பயிற்றுநரிடம் கற்றுக்கொள்வதற்குத் தியோமான் போன்ற தீவுகள் மிகவும் ஏற்றவை. வெளிநாட்டில் உயிரைக் காப்பது அந்தப் பயிற்சிதான். குறி பார்ப்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எந்த நாட்டுக்குப் போகலாம்? எங்கே போகவே கூடாது?

நான் நாடுகளை நான்காகப் பிரித்துப் பார்ப்பேன். முதல் வகை, முற்றாகத் தடை செய்தவை. நம்மவர் அதிகம் சுற்றுலா போகும் மாலத்தீவும், உறவினரைப் பார்க்கப் போகும் இலங்கையும் இந்த வகையில் வருகின்றன. மாலத்தீவுக்குள் ஈட்டித் துப்பாக்கியைக் கொண்டுபோவதே கூடாது. இரண்டாம் வகை, உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் அனுமதிப்பவை. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வெளியூரார் ஈட்டியால் மீன் பிடிக்க முடியாது. மூன்றாம் வகை, கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றால் அனுமதிப்பவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும், 2021 முதல் வெளியூராரிடம் கடல் மீன்பிடி உரிமம் கோரும் ஹவாயும் இதற்கு எடுத்துக்காட்டு. நான்காம் வகை, உரிமம் கேட்காமல் அளவையும் எண்ணிக்கையையும் இடத்தையும் மட்டும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துபவை, நியூசிலாந்து அப்படிப்பட்டது.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாம், நான்காம் வகை நாடுகளையே. அங்கே விதிகள் எழுத்தில் இருக்கின்றன. படத்தோடும் அளவோடும் வெளியிடப்படுகின்றன. ஐயம் வந்தால் கேட்பதற்கு அலுவலர் இருக்கிறார். விதி எழுத்தில் இல்லாத கடற்கரை நமக்குச் சுதந்திரமாகத் தோன்றும். ஆனால் சிக்கல் வரும் நாளில் நம் பக்கத்தில் பேசுவதற்கு ஒரு தாளும் இருக்காது.

விசா கிடைத்துவிட்டது. அதுவே அனுமதி ஆகாதா?

ஆகாது. ஆஸ்திரேலியாவுக்கு மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் மின்னியல் பயண அனுமதி எடுக்கிறார். நியூசிலாந்துக்கும் அதுபோன்ற ஓர் அனுமதி உண்டு. இந்தோனேசியாவுக்கு ஆசியான் குடிமக்கள் 30 நாள்வரை விசா இல்லாமலே போகலாம். இவையெல்லாம் நாட்டுக்குள் நுழைவதற்கான குடிநுழைவு அனுமதிகள் மட்டுமே. மீன் பிடிப்பதற்கான அனுமதியை அந்நாட்டின், சில இடங்களில் அந்த மாநிலத்தின் அல்லது பூங்காவின், மீன்வள நிர்வாகமே தரும்.

ஆஸ்திரேலியாவில் ஒரு லைசென்ஸ் எடுத்தால் நாடு முழுவதும் செல்லுமா?

செல்லாது. அங்கே பொழுதுபோக்கு மீன்பிடிப்பை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஆள்கிறது. நியூ சவுத் வேல்ஸில் பெரியவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 3 நாள், ஒரு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று எடுக்கலாம். குயின்ஸ்லாந்தில் கடல் மீன்பிடிப்புக்குப் பொது உரிமம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இயந்திரப் படகிலிருந்து பிடிப்பதற்கும் சிங்கி இறால் எடுப்பதற்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. ஆகவே “ஆஸ்திரேலியா போகிறோம்” என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த மாநிலத்தின் எந்தக் கடற்கரை என்பதுதான்.

உரிமம் கையில் இருந்தாலும் எங்கும் இறங்கிவிட முடியாது. நியூ சவுத் வேல்ஸில் திறந்த கடற்கரைகளில் இரு ஓரங்களிலும் உள்ள கடைசி 20 மீட்டர் தவிர மற்ற பகுதியில் ஈட்டி மீன்பிடிப்புக்குத் தடை. நன்னீரிலும் தடை. ஈட்டியேந்தியவரைக் கண்டு விலகாமல் அருகில் வந்து நிற்கும் இயல்புடைய நீலக் குரோப்பர் என்ற மீன், அம்மாநிலத்தின் அடையாள மீனாக இருப்பதோடு, பல பத்தாண்டுகளாக ஈட்டியிலிருந்து பாதுகாக்கப்பட்டும் வருகிறது. அதைச் சுட்டவர்களைப் பற்றிய செய்திகள் அந்நாட்டு மக்களை எவ்வளவு கொதிக்க வைத்தன என்பதைப் பார்த்தால், விதிக்குப் பின்னால் ஊரின் அன்பும் இருக்கிறது என்பது புரியும்.

பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பாரியர் ரீஃப்) பச்சை, மஞ்சள், நீலம் என்று வரைபடம் இருக்கிறது. எதில் இறங்கலாம்?

குயின்ஸ்லாந்துக் கரையோரம் நீண்டு கிடக்கும் அந்தப் பவளத்திட்டுப் பூங்கா 2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மண்டலத் திட்டப்படி பிரிக்கப்பட்டிருக்கிறது. பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு பச்சை மண்டலம். அங்கே நீந்தலாம், பார்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது. இளஞ்சிவப்பு மண்டலத்துக்குள் நுழையவே கூடாது. மஞ்சள் மண்டலத்தில் மூச்சடக்கி மட்டும், கட்டுப்பாட்டுடன் ஈட்டி பயன்படுத்தலாம். வெளிர் நீலத்தில் மாநிலத்தின் பொது விதிகள் பொருந்தும். எல்லைக்கோடு கடல்மேல் வரையப்பட்டிருக்காது. ஆகவே மண்டல வரைபடத்தைத் திறன்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்து, இறங்கும் இடத்தின் நிலைக்குறியை (ஜிபிஎஸ் எண்களை) அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த நாளில் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பவளத்திட்டு மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால், குயின்ஸ்லாந்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாள் அவற்றைப் பிடிக்கத் தடை இருக்கிறது. தீபாவளி விடுமுறையில் போகத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டும்: தீபாவளியே அமாவாசையை ஒட்டி வருவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அவ்வாண்டுக்கான தடை நாள்களைப் பார்ப்பது கட்டாயம். வட குயின்ஸ்லாந்தில் ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெல்லி மீன்களின் பருவம் என்பதையும், கரையோர நீரிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் முதலைகள் உண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

நியூசிலாந்தில் லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாமா?

உரிமம் இல்லை, வரம்பு உண்டு. ஆக்லாந்தை ஒட்டிய கிழக்குக் கடலில் ஸ்னாப்பர் மீன் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒருவர் ஒரு நாளைக்கு 7 மீன். கிங்ஃபிஷ் என்னும் பெரும்பாறை மீன் 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒருவருக்கு 3. ஒரே ஸ்னாப்பருக்கு மேற்குக் கரையில் வேறு வரம்பு. மீன்வள அலுவலர்கள் படகையும் வண்டியையும் பைகளையும் சோதிக்கும் அதிகாரம் உடையவர்கள்.

1975இல் லீ என்ற ஊர் அருகே தொடங்கப்பட்ட காப்பகம் அந்நாட்டின் முதல் கடல் காப்பகம். அதிலும் புவர் நைட்ஸ் தீவுகளைச் சூழ்ந்த காப்பகத்திலும் எந்த மீன்பிடிப்புக்கும் இடமில்லை. மாவோரி மக்கள் தங்கள் மரபுப்படி ஒரு பகுதியை மூடிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. அவற்றுள் சில அரசுச் சட்டத்தின் ஆதரவையும் பெற்றவை. மேலும், 2021இல் கிரேட் பாரியர் தீவில் காலெர்ப்பா என்ற அயற்பாசி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, அது பரவிய பகுதிகளில் நங்கூரமிடுவதற்கும் சிலவகை மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாசியின் சிறு துண்டு கயிற்றில் ஒட்டிக்கொண்டு போனாலும் வேறிடத்தில் வேரூன்றிவிடும் என்பதே காரணம்.

சுட்ட பிறகுதான் அளவு குறைவான மீன் என்று தெரிந்தது. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தூண்டில்காரர் சிறு மீனைக் கழற்றி உயிரோடு விட்டுவிடலாம். ஈட்டிக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சட்டமோ, அளவு குறைந்த மீன் செத்திருந்தாலும் அதைக் கடலிலேயே விடச் சொல்கிறது. படகில் ஏற்றினால் அது வைத்திருந்த குற்றமாகிவிடும். ஆக, விசையை அழுத்தும் முன்பே மீனின் இனமும் அளவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத் தடையாக நிற்பது நீர்தான். முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளி விலகுவதால், நீருக்குள் எல்லாப் பொருளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். 30 சென்டிமீட்டர் மீன் 40 சென்டிமீட்டர் போலக் காட்சி தரும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். துப்பாக்கியின் தண்டில் 30, 40, 75 சென்டிமீட்டர் இடங்களில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்டும் மீனும் ஒரே தொலைவில் இருக்கும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாகத் தெரிவதால் ஒப்பீடு சரியாக வரும். அம்பின் முனைப்பகுதியிலேயே குறியிட்டால் இன்னும் நல்லது. எல்லைக்கோட்டில் இருக்கிறதோ என்று தோன்றும் மீனை விட்டுவிடுவதே முறை.

இனத்தை அறிவதற்கு ஊர்ப்பெயர் உதவாது. நாம் களவா என்றும் கெராப்பு என்றும் ஒரே பெயரில் அழைக்கும் மீன்களுள் பிடிக்கத்தக்கவையும் முற்றிலும் தடை செய்யப்பட்டவையும் இருக்கின்றன. குயின்ஸ்லாந்தில் பவளக் களவா பெரும்பாலும் 38 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பிடிக்கலாம். அதே திட்டில் வாழும் பாராமுண்டிக் காட் என்ற புள்ளிக் களவாவைத் தொடக் கூடாது. அரசு வெளியிடும் படத்தொகுப்பை விமானத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யுங்கள்.

சிறிய மீனை விடச் சொல்வது புரிகிறது. பெரிய மீனையும் சுடக் கூடாது என்று சில இடங்களில் சொல்வது ஏன்?

களவா, கிளிமீன், நெப்போலியன் மீன் ஆகியவற்றுள் பல, பெண்ணாக வளர்ந்து, முதிர்ந்த பிறகு ஆணாக மாறுபவை. ஒரு திட்டின் பெரிய மீன்களையே தேடித் தேடிச் சுட்டால் அங்கே ஆண் மீன்களே குறைந்துபோகும். பாராமுண்டி என்ற கொடுவாய் மீன் இதற்கு நேர்மாறு: ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறும், அதன் பெரிய மீன்களே முட்டையிடும் தாய்கள். அதனால்தான் குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 58 சென்டிமீட்டருக்குக் கீழும் 120 சென்டிமீட்டருக்கு மேலும் உள்ள பாராமுண்டியை எடுக்கக் கூடாது என்று இரு பக்கமும் எல்லை வைத்திருக்கிறார்கள். ஈட்டிக்காரர் கண்ணால் தேர்ந்தெடுத்துச் சுடுபவர். அவருக்குக் கூடுதல் பொறுப்பு இருப்பது இயல்பே.

ஈட்டி வேண்டாம், கையால் சிங்கி இறால், சங்கு, கடலட்டை எடுத்தால் விதி குறைவுதானே?

பெரும்பாலும் விதி கூடுதல். நியூசிலாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சிங்கி இறாலை ஈட்டியால் குத்தக் கூடாது. வயிற்றில் முட்டை சுமக்கும் பெண் இறாலை எடுக்கவும் கூடாது. நியூசிலாந்தில் பாவா என்ற அபலோன் சிப்பியை, நீருக்குள் மூச்சுவிட உதவும் காற்றுக்கலம் (ஸ்கூபா) கட்டிக்கொண்டு எடுப்பது குற்றம். ஜப்பானில் 2020 டிசம்பர் முதல், அபலோனையும் கடலட்டையையும் சட்டவிரோதமாக எடுப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி யென் வரை அபராதம் என்று சட்டம் கடுமையாக்கப்பட்டது. ராட்சதச் சிப்பி, கடின பவளம், கடற்குதிரை ஆகியவற்றை ஓடாகவோ துண்டாகவோ நினைவுப்பொருளாகக் கொண்டுவந்தாலும், அழியும் நிலை உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நம் நாட்டில் இதற்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இந்தோனேசியாவில் மொழி புரியும், விசாவும் வேண்டாம். அங்கே எளிதுதானே?

மலாய் தெரிந்த நமக்கு அங்கே விதிப்பலகைகளையும் ஆணைகளையும் நேரடியாகப் படிக்க முடிவது பெரிய வசதி; அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். கொமோடோ, கரிமுன்ஜாவா, புனாக்கென் போன்ற தேசியப் பூங்காக்களும், பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனிடா பாதுகாப்புப் பகுதியும் உள்மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டவை. மந்தா திருக்கை 2014 முதல் நாடு முழுவதும் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. நெப்போலியன் மீனுக்கு 2013 முதல் எடை அடிப்படையிலான கட்டுப்பாடு உண்டு.

எழுதப்பட்ட சட்டத்துக்கு மேலாக ஊர் வழக்கமும் இருக்கிறது. மாலுக்கு, பாப்புவா பகுதிகளில் சாசி என்ற முறையில் கிராமத்தார் ஒரு கடற்பரப்பைக் குறிப்பிட்ட காலம் மூடி வைப்பார்கள். பிஜித் தீவுகளிலும் ஒவ்வோர் ஊருக்கும் மரபுவழிக் கடல் உரிமை உண்டு; யாங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்துத் தலைவரிடம் அனுமதி கேட்ட பிறகே இறங்க வேண்டும். அடுத்தவர் ரப்பர் மர நிரையில் பால் வெட்டுவது எப்படிப்பட்டது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். நமக்கு அது விடுமுறைக் கடல், அவர்களுக்கு அது அன்றாடச் சோற்றுக் கடல்.

காற்றுக்கலம் கட்டிக்கொண்டோ, கம்ப்ரசர் குழாய் வைத்தோ சுடலாமா? நீண்ட நேரம் கீழே இருக்கலாமே.

நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து உட்படப் பல இடங்களில் இதற்குத் தடை. மீன் மூச்சு வாங்க மேலே வருவதில்லை. மனிதனும் வர வேண்டாம் என்றாகிவிட்டால் பாறைப் பொந்துக்குள் ஒளியும் மீனுக்குத் தப்பிக்க வழியே இருக்காது. சில நாடுகளில் இது சட்டப்படி குற்றமாக இல்லாவிட்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்ரோல் இயந்திரக் கம்ப்ரசர் குழாயில் நச்சுப்புகை கலக்கும் அபாயமும், ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வருவதால் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி முடக்கும் நோயும் தென்கிழக்காசிய மீனவர் பலரைப் படுக்கையில் தள்ளியிருக்கின்றன.

இரவு மீன்பிடிப்பும் இதைச் சார்ந்ததே. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் சூரியன் மறைந்தபின் ஈட்டிக்குத் தடை.

துப்பாக்கியை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? பயணச்சீட்டு மலிவு என்பதால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாகப் போகலாமா?

ஜோகூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பது இது. சிங்கப்பூரில் ஈட்டி வகைகள் காவல்துறையின் அனுமதி தேவைப்படும் ஆயுதங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறங்கும்போது பையில் ஈட்டித் துப்பாக்கி இருந்தால், நீங்கள் வேறு நாட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறீர்கள் என்ற விளக்கம் காப்பாற்றாது. முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறாதவர் சாங்கியை மறந்துவிட்டு, செனாய் அல்லது கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து புறப்படுவதே நல்லது. வேறு எந்த நாட்டில் மாறிப் போனாலும், இடையில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடக்க வேண்டுமா என்று பாருங்கள். கடக்க வேண்டுமென்றால் அந்நாட்டுச் சட்டமும் உங்களைப் பிடிக்கும்.

விமானத்தில் துப்பாக்கி, அம்பு, கத்தி எல்லாம் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். ரப்பர் பட்டைகளைக் கழற்றி, அம்பு முனைக்குத் தக்கை செருகி, கெட்டியான பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, நீளத்தைச் சொல்லி விமான நிறுவனத்திடம் முன்பதிவு செய்யுங்கள். அழுத்தக் காற்றுத் துப்பாக்கியில் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடுங்கள். கைவிளக்குக்கான மாற்று லித்தியம் மின்கலங்கள் மட்டும் கைப்பையில் வர வேண்டும். தோட்டா பொருத்திய ஈட்டிமுனையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இறங்கும்போது, பயன்படுத்திய நீர்ச்சட்டை, துடுப்புக்காலணி, கயிறு ஆகியவற்றை மணலும் பாசியும் இல்லாமல் கழுவி உலர்த்திக் கொண்டுபோய், வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் நியூசிலாந்தில் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படலாம். நியூசிலாந்து பற்றிய பதிலில் சொன்ன அயற்பாசியை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும்.

என் மகன் நன்றாக நீந்துவான், மூச்சும் நெடுநேரம் அடக்குவான். தனியாகப் போனால் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும் அம்மா. மூச்சு வாங்க வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் அந்த வாயு குறைந்து தவிப்புத் தாமதமாகும். ஆனால் உயிர்வளி (ஆக்சிஜன்) அதிகமாவதில்லை. கீழிருந்து மேலே வரும்போது நீரழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உயிர்வளியின் அழுத்தமும் சரிந்து, கடைசிச் சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். திறமையான முக்குளிப்பவர்களே இதில் இறந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து, முகத்தை நீருக்கு மேல் தூக்கி, முகமூடியைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். தனியாக இருந்தால் அதற்கு வழியில்லை.

ஆகவே இருவருக்கு ஒரு துப்பாக்கி. ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். மூழ்கியிருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுக்க வேண்டும். முக்குளிப்பவர் இருப்பதைக் காட்டும் மிதவைக்கொடி கட்டாயம். பல நாடுகளில் அது நீலமும் வெள்ளையும், அமெரிக்காவில் சிவப்பில் வெள்ளைக் குறுக்குப்பட்டை. பிடித்த மீனை இடுப்பில் கட்டாமல் மிதவையில் கட்டினால் சுறா அருகே வரும் ஆபத்துக் குறையும். பயணக் காப்புறுதி ஈட்டி மீன்பிடிப்பை ஏற்கிறதா என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

பிடித்த மீனை விற்றுச் செலவை ஈடுகட்டலாமா? மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

விற்கக் கூடாது. பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும், தங்குமிடக் கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுப்பதும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் குற்றம். வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு நம் நாட்டின் தனிமைப்படுத்தல் விதிகளின்படி இறக்குமதி அனுமதி தேவை. அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, படகுக்காரர் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

சாப்பிடும் முன் ஓர் எச்சரிக்கை. வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் பாசியோடு வளரும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சு, சிறு மீன் வழியாகப் பெரிய மீனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். சிகுவாட்டேரா எனப்படும் இந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ கிடையாது. எவ்வளவு வேகவைத்தாலும், உறையவைத்தாலும், புளியும் மிளகாயும் போட்டாலும் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்குடன், குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் உணர்வதும் அதன் அடையாளம். சீலா, அஞ்சாளை, மிகப் பெரிய களவா ஆகியவற்றைத் தவிர்த்து, இந்தத் திட்டின் மீனை ஊரார் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிறோம். கூடவே அங்கே ஒருநாள் கடலில் இறங்கலாமா?

ஈட்டியோடு வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா. நம் ஊரில் காமாட் என்று மருந்தாக விற்கப்படும் கடலட்டை, இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கையில் வைத்திருந்தாலே வழக்கு.

உரிமம் எல்லாம் எடுத்தோம். படகுக்காரர் மட்டும் “அந்தப் பக்கம் மீன் அதிகம், ஒன்றும் ஆகாது” என்கிறார். அவர் உள்ளூர்க்காரர்தானே?

உள்ளூர்க்காரருக்கு இருக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. மேலே சொன்ன இரண்டாம் வகை நாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் ஈட்டியைப் பிடித்திருந்தவர் முதலில் பதில் சொல்ல வேண்டும்; படகுக்காரர் சொன்னார் என்பது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தப்பிக்கும் வழியாகாது. முன்பணம் கொடுக்கும் முன்பே படகு உரிமத்தையும், போகும் இடத்தின் மண்டல வரைபடத்தையும் கேளுங்கள். தயங்கினால் வேறு படகு பாருங்கள். கடலில் இருக்கும்போது அவர் வற்புறுத்தினால், துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு முகமூடியோடு மட்டும் இறங்குங்கள்.

அதிகாரி நிறுத்தினால் என்ன காட்ட வேண்டும்?

கடப்பிதழின் நகல், உரிமம், இறங்கிய இடத்தின் நிலைக்குறி, அன்றைய மீன்கள் முழு உடலோடு. மீனைக் கரைக்கு வரும் முன் துண்டு போடாதீர்கள். இனமும் அளவும் தெரியாத துண்டு மீன் சந்தேகத்துக்கு இடமளிக்கும். நால்வர் போயிருந்தால் ஒவ்வொருவர் பிடித்ததையும் தனித்தனிப் பையில் வையுங்கள், ஏனென்றால் வரம்பு ஆளுக்கு ஆள் கணக்கிடப்படுகிறது. தடை செய்யப்பட்ட மீன் தவறுதலாக அடிபட்டிருந்தால் மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் பணம் நீட்டாதீர்கள். சிறு அபராதத்தோடு முடிய வேண்டியது அதனால் சிறைக் குற்றமாகிவிடும். அபராதச் சீட்டு கொடுக்கப்பட்டால் அதில் சொன்ன நாளுக்குள் செலுத்தி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். தடுத்து வைக்கப்பட்டால் அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தூதரக எண்ணைத் திறன்பேசியில் மட்டும் வைக்காமல், நனையாத தாளில் எழுதி ஒரு பிரதியைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.